மாப்பிள்ளை திரும்பிப் பார்த்த இடம்

அந்தக் கால்பந்து கிளப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளுடைய தம்பி அந்த அணியின் முன்கள ஆட்டக்காரன். அவன் கூப்பிட்டதைக் கேட்டு ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டார்கள். ஐம்பதைத் தாண்டிய கோச்சுக்கும் அவள் அக்காதான். ஆரம்பத்தில் இரண்டொரு தடவை முறைத்துப் பார்த்தாள். அப்புறம், போகட்டும், பெயர் சொல்லி அதட்டுவதற்கு இது தேவலை என்று விட்டுவிட்டாள்.

அவள் வேலை வீடியோ பார்ப்பது. சொன்னால் ஊரே பொறாமைப்படும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், கண் எரிச்சலும் கழுத்து வலியும். அணிக்கு வாங்கலாமா என்று யோசிக்கிற ஆட்டக்காரர்களின் பழைய ஆட்டங்களைத் தோண்டித் துருவி, இவன் நமக்கு ஒத்து வருவானா மாட்டானா என்று சொல்ல வேண்டும். பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாதிரிதான். ஜாதகம் மட்டும் கிடையாது. அவளுக்குக் கொடுத்த அறை ஜெர்சி துவைக்கும் அறைக்கு ஒட்டினாற்போல் இருந்தது. பக்கத்தில் மெஷின் பிழிய ஆரம்பித்தால் இந்தப் பக்கம் மேஜை ஆடும், மேஜை மேல் டீ ஆடும்.

அன்றைக்குக் காலையில் கூட்டம். ஆட்டக்காரர்களை வாங்கிப் பதிவு செய்ய அன்றே கடைசி நாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அணி பட்டியலில் அடியிலிருந்து இரண்டாவது இடத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. கோல் போட ஒரு ஆள் வேண்டும். கையில் இருந்தது ஒரே ஒரு வரன். பக்கத்து லீக்கில் கோலாகப் போட்டுத் தள்ளுகிற நெட்டையன் ஒருவன்.

"போடுறான், இல்லைன்னு சொல்லலை. ஆனா பந்து கைமாறிப் போச்சுன்னா எப்படி நிக்கிறான் பாருங்க. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி! யாராவது தட்டுல வச்சுக் கொண்டுவந்து குடுப்பாங்கன்னு" என்றார் கோச்.

அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்கு மாப்பிள்ளை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கோச்சின் கவலையில் நியாயம் இருந்தது. அவருடைய ஆட்டத்துக்கு ஒரே சூத்திரம்தான். பந்து பறிபோனதா, அந்த நொடியே ஆறேழு பேர் சேர்ந்து பாய்ந்து பிடுங்க வேண்டும். வேட்டை என்பார் அதை. முதல் பாய்ச்சல் முன்னால் நிற்பவனுடையது. அவன் பாய்ந்தால் பின்னால் உள்ளவர்கள் பாய்வார்கள். அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றால் மொத்த அணியும் சந்தையில் தொலைந்த பிள்ளை மாதிரி திருதிருவென்று முழிக்கும்.

கணக்குப் பார்க்கிற இளைஞனும் அதையே சொன்னான். புள்ளிவிவரம் இல்லாமல் வாயே திறக்கமாட்டான் என்பதால் அவனுக்குப் புள்ளி என்று பெயர். "சார், எதிராளியை நெருக்குறதுல அந்த லீக்லயே இவர்தான் கடைசி. கடைசிக்கும் கீழே ஒரு இடம் இருந்தா அதுவும் இவருக்குத்தான்."

"நீங்க என்னக்கா சொல்றீங்க?" கோச் அவள் பக்கம் திரும்பினார். "தம்பி விஷயமாச்சே, வேணாம்னா சொல்லுங்க, நான் கேக்கலை."

அவள் நிலைமை மத்தளம்தான், இரண்டு பக்கமும் இடி. மாப்பிள்ளை வந்தால் தம்பிக்கு இடமில்லை. தம்பிக்கு இருபத்தொன்பது வயது; ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. ஓட்டத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கோல் வாசலுக்குப் போனதும் பந்தை வானத்துக்கு அனுப்பிவிடுவான். அந்த வருடம் அவனிடம் அதிகம் அடி வாங்கியது கம்பத்துக்குப் பின்னால் இருந்த விளம்பரப் பலகைதான். பெஞ்சில் உட்கார்ந்தே வருடத்தை முடிக்கிற அப்படிப்பட்டவனை வேறெந்த கிளப் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் போகிறது? அவனுக்கு ஆட்டம் அத்தோடு முடிந்தது.

"நான் டிவியில வந்ததை மட்டும்தான் பாத்திருக்கேன்" என்றாள். "அதுல அவன் நிக்கிறது உண்மைதான். மொத்த மைதானமும் தெரியுற மாதிரி கூரை மேலேருந்து எடுத்த வீடியோ கேட்டிருக்கேன். இன்னும் வரலை."

"இனிமே வந்து என்ன பண்ண? வேணாம். இருக்கிறதை வச்சே சமாளிப்போம்" என்று கோச் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அது அவள் வயிற்றில் பால் வார்த்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வார்த்தது.

மதியம் அந்த வீடியோ வந்து சேர்ந்தது. இனி யாருக்கு வேண்டும் அது? மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சில பேருக்குத் திறக்காத பொட்டலத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அவளும் அந்த ரகம். திறந்தாள்.

மேலிருந்து எடுத்ததால் ஆட்டக்காரர்கள் எறும்பளவுதான் தெரிந்தார்கள். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஆளை எடைபோட வேண்டுமென்றால் பந்தைப் பார்க்கமாட்டாள். திரையில் அவன் மேல் விரலை வைத்து, அவன் போகிற இடமெல்லாம் விரலையும் கூடவே கூட்டிப் போவாள். அப்படித்தான் மாப்பிள்ளை மேல் விரலை வைத்தாள்.

கொஞ்ச நேரம் விரல் சாவகாசமாக நடந்தது. அவனுடைய அணி பந்தைப் பறிகொடுத்தது. விரல் சடக்கென்று முன்னால் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் நின்றது. மறுபடி நடை. மறுபடி பந்து போயிற்று. மறுபடி விரல் பாய்ந்து நின்றது. மூன்றாவது தடவையும் அப்படியே ஆனபோது அவள் விரலை எடுத்துவிட்டு அதையே பார்த்தாள். சோம்பேறி மேல் வைத்த விரல் எதற்கு இப்படித் துள்ள வேண்டும்?

படத்தைப் பெரிதாக்கி மெதுவாக ஓட்டினாள். பந்து போன அதே கணத்தில் மாப்பிள்ளை புலி மாதிரி கிளம்புகிறான். நாலைந்து எட்டு வைக்கிறான். தலை பின்னால் திரும்புகிறது. பின்னால் யாருமே வரவில்லை. அவனுடைய ஆட்களெல்லாம் மைதானத்தில் தங்கள் பாதிக்கு நடையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தனியாகப் பாய்ந்து என்ன செய்வான்? நிற்கிறான். இடுப்பில் கை வைக்கிறான். டிவி கேமரா இவ்வளவு நேரமும் பந்தின் பின்னால் போயிருக்கும். அது இவன் பக்கம் திரும்பும்போது இவன் நின்றுகொண்டிருப்பான். அதைத்தான் உலகமே பார்த்திருக்கிறது!

"அடப்பாவிகளா!" என்று அவள் வாய்விட்டே சொன்னாள். அடுத்த அறை மெஷின் பிழியத் தொடங்கி டீ தளும்பியது. அவள் கவனிக்கவில்லை. அடுத்த ஆட்டத்தைப் போட்டாள். அதிலும் அதே கதை: கிளம்புவான், திரும்பிப் பார்ப்பான், நிற்பான். கடைசியில் ஒரு ஆட்டத்தின் முடிவில் மாற்று ஆட்டக்காரன் ஒருவன் உள்ளே வந்தான், துடிப்பான ஆள். மாப்பிள்ளை பாய்ந்தான், திரும்பிப் பார்த்தான். பின்னால் ஆள் இருக்கிறது! நிற்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எதிராளியை மூலையில் மடக்கிப் பந்தைப் பிடுங்கினார்கள். மறுபடி அதே. மூன்றாவது வேட்டையில் கோல். கோல் போட்ட மாப்பிள்ளை கொண்டாடக்கூட இல்லை. நேராக ஓடிப்போய் அந்த மாற்று ஆட்டக்காரனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். எத்தனை நாளாகத் தேடிய கூட்டாளியோ!

அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். இவன் நம்மோடு ஆடினால்! இவன் திரும்பிப் பார்க்கும்போது பின்னால் ஒருவன் இல்லை, ஆறு பேர் வந்துகொண்டிருப்பார்கள்!

அப்போதுதான் போன் அடித்தது. அம்மா.

"கேட்டியாடி? அந்த நெட்டையனை வேணாம்னுட்டாங்களாம்! தம்பி இப்பதான் சொன்னான். எனக்கு உசுரே வந்துச்சு. நீயும் ஏதாவது எடுத்துச் சொன்னியா?"

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா."

"சொல்லாட்டி என்ன, அக்கான்னு ஒருத்தி அங்க இருக்கியே, அதுவே போதும். அவனுக்குப் பிடிச்சதா சமைச்சு வச்சிருக்கேன், சீக்கிரம் வா."

போனை வைத்தாள். திரையில் மாப்பிள்ளை பாதி ஓட்டத்தில் கழுத்தைத் திருப்பியபடி உறைந்து நின்றான். ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். யாரும் கேட்கப் போவதில்லை, யாருக்கும் தெரியப் போவதில்லை. சத்தியமாகச் சொன்னால், ஒரு டீ குடிக்கிற நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆனால் பார்த்த கண்ணை என்ன செய்வது? நல்ல ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்வது அவளுக்குத் தும்மலை அடக்குவது மாதிரி. இன்னும் யோசித்தால் பயம் வந்துவிடும் என்று தோன்றியதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கோச் ஓரத்தில் விசிலும் வாயுமாக நின்றார். பக்கத்தில் புள்ளி.

"சார்! மாப்பிள்ளை சோம்பேறி இல்லை சார்! தனியா விடப்பட்டவன்!"

வெயிலில் திரை தெரியவில்லை. கோச் தன் ஜாக்கெட்டைக் கழற்றி மூன்று தலைகளுக்கும் மேல் போர்த்தினார். உள்ளே மூச்சுக்காற்றும் வியர்வையுமாக மூன்று பேரும் முட்டி மோதிக்கொண்டு பார்த்தார்கள்.

"இந்த ஓட்டமெல்லாம் என் கணக்குல வராதேக்கா" என்றான் புள்ளி. "எதிராளிகிட்ட போய்ச் சேர்ந்தாதான் எண்ணுவோம். பாதியில நின்னா பூஜ்யம். ஐயோ! நான் எண்ணினதுல தப்பில்லை, எண்ணாம விட்டதுலதான் தப்பு!"

அந்த மூன்று வேட்டைகளும் வந்தன. முதலாவதில் கோச் "ம்" என்றார். இரண்டாவதில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதில் ஜாக்கெட்டோடு நிமிர்ந்து நின்று, "பிடி! பிடி! விடாதே!" என்று, முடிந்துபோன ஆட்டத்தைப் பார்த்துக் கத்தினார். மைதானத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். தம்பியும் திரும்பினான். அக்காவையும் லேப்டாப்பையும் கோச்சின் முகத்தையும் பார்த்தான். பந்தைக் காலடியில் நிறுத்திவிட்டு அப்படியே நின்றான்.

"யோசிச்சுத்தானே சொல்றீங்க?" கோச் குரலைத் தாழ்த்தினார். "தம்பி..."

"நம்ம ஆட்டத்துக்கு இவன்தான் சார்" என்றாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் அமர்க்களம். கிளப் செயலாளர் ஒரு காதில் ஒரு போன், இன்னொரு காதில் இன்னொரு போன் என்று தாழ்வாரத்தில் நடந்தார். அந்தப் பக்கத்து கிளப் சந்தோஷமாகத் தலையாட்டியது, சோம்பேறியைத் தலையில் கட்டுகிறோம் என்று. மாப்பிள்ளை தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்விதானாம்: நான் ஓடினால் கூட வருவார்களா? கோச் மைதானமே அதிர, "வருவாங்கப்பா, மொத்தப் பேரும் வருவாங்க!" என்றார். கடிகாரம் ஆறைத் தொடுவதற்குள் பதிவு முடிந்தது. புள்ளி துள்ளிக் குதித்து நாற்காலியை உடைத்தான்.

அவள் மட்டும் தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சந்தோஷம் நெஞ்சு நிறைய இருந்தது. அதற்குள்ளேயே முள்ளும் இருந்தது. இரண்டையும் எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை.

தம்பி கதவைத் தட்டாமல் வந்தான். குளித்துவிட்டு வந்திருந்தான், தலை துவட்டவில்லை.

"நீதானா?"

"நான்தான்."

"காலையில வேணாம்னுதானே சொன்னாங்க. சும்மா இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

"வீட்டுக்குள்ளேயே ஆள் வச்சு வெட்டின மாதிரி இருக்குக்கா."

அவள் என்ன சொன்னாலும் அது சால்ஜாப்பாகத்தான் இருக்கும்.

"என்னை விட நல்லா ஆடுவானா?"

"நம்ம ஆட்டத்துக்கு, ஆமாடா."

"காட்டு."

அவள் போட்டாள். அவன் நின்றபடியே பார்த்தான். மாப்பிள்ளை கிளம்பினான், திரும்பிப் பார்த்தான், நின்றான். கிளம்பினான், திரும்பிப் பார்த்தான், நின்றான். தம்பி மெல்ல நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவன் உடம்பு முன்னால் சாய்ந்தது. மேஜைக்கு அடியில் அவன் வலது கால் தரையைத் தேய்ப்பதை அவள் பார்த்தாள். மாப்பிள்ளை பாயும்போதெல்லாம் அதுவும் பாய்ந்தது.

"முட்டாப் பசங்க" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒருத்தன்கூடப் பின்னால வரலையே! எவ்ளோ அழகாக் கிளம்புறான்! நான் மட்டும் அங்க இருந்திருந்தா..."

சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டான். கண்ணைப் புறங்கையால் துடைத்தான். மூன்றாவது வேட்டை வந்து, கோல் விழுந்தபோது, அவனை மீறி ஒரு சிரிப்பு வந்துவிட்டது.

"இவன் மோசமான ஆளா இருந்திருந்தா உன்னை நல்லா நாலு வார்த்தை கேட்டிருப்பேன்க்கா. அதுக்குக்கூட வழி வைக்கலையே நீ."

அவள் அழுதேவிட்டாள். தம்பி அவள் பக்கம் பார்க்கவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இன்னொரு தடவை போடு" என்றான்.