என் நேர்ச்சைச் சோற்றைத் தின்றவர்கள்

அந்த மெஷின் வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் சந்தோஷத்தில் அழுதேன். இப்போது நினைத்தால் என்னை நானே கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் ரஹ்மத்துல்லாவுக்கு வயிற்றுக்குள் கட்டி. எண்பத்தெட்டாம் வருஷம் அது. தாராவியில் எங்கள் தோல் பட்டறைக்கு மேலேயே வீடு. அவர் வலியில் கத்தினால் கீழே பை தைக்கிற ஆட்கள் கையை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. மூன்றாவது மணியிலேயே கத்தல் ஆரம்பித்துவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து ரோஷன் என்ற பார்சி நர்ஸ் ஒரு நாள் அந்தச் சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தாள். லண்டனிலிருந்து யாரோ டாக்டர் வாங்கிவந்ததாம். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு. அதன்மேல் மருந்து நிரப்பிய ஊசிக்குழலைப் படுக்கவைத்துப் பட்டையால் இறுக்கினாள். அதிலிருந்து மெல்லிய டியூப் ஒன்று போய், நெஞ்சில் தோலுக்கடியில் செருகிப் பிளாஸ்திரி ஒட்டிய சின்ன ஊசியில் முடிந்தது. பேட்டரி போட்டதும் ஒரு விளக்கு மினுக்கியது. சில நிமிஷத்துக்கு ஒரு தடவை லேசாக உறுமும். அவ்வளவுதான். ஒரு குழல் மருந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குச் சொட்டுச் சொட்டாக உள்ளே போகும்.

"இதுல நல்லாயிருமா?" என்று இந்தியில் கேட்டேன். ரோஷன் என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தன் தம்பி முகைதீனைப் பார்த்தார். முகைதீன் என்னைப் பார்த்து, "ஆயிரும் மைனி, கவலப்படாதிய" என்றான். மூன்று பேர் பார்வையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்ததை என் கண் பார்த்தது, மண்டைக்குத்தான் எட்டவில்லை.

அன்று சாயங்காலமே அவர் தூங்கினார். ரெண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தூக்கம். வலி போனால் நோயும் போய்விட்டது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். வேறெப்படி எடுத்துக்கொள்வது? ரோஷன் வாரத்தில் ரெண்டு நாள்தான் வருவாள். மற்ற நாளெல்லாம் காலை பத்து மணிக்கு நானே மருந்துக் குப்பியின் கழுத்தை ஒடித்து, குழலில் இழுத்து, கோடு வரைக்கும் தண்ணி சேர்த்து, பெட்டியில் மாட்டுவேன். உடைந்த கண்ணாடிக் குப்பியைக்கூட எடுத்துவைத்துத் திருப்பிக் கொடுக்கணும், அப்படிப்பட்ட மருந்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கையால் என் புருஷனைப் பிழைக்கவைக்கிறேன் என்று கர்வமாக இருந்தது.

பதினஞ்சாம் நாள் நேர்ச்சையை நிறைவேற்றினேன். அவருக்குச் சுகமானால் தெரு பூராவும் நெய்ச்சோறு ஆக்கிக் கொடுப்பதாக மாஹிம் தர்காவில் நேர்ந்திருந்தேன். முழுசாக எழுந்து நடக்கட்டும், பிறகு கொடுக்கலாம் என்று ஒருத்தராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. கறி வாங்கி வந்தது முகைதீன். ஃபாத்திஹா ஓதி, தேக்சா தேக்சாவாகச் சோறாக்கிப் பரிமாறினேன். ரோஷன் வந்து ரெண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். என் வீட்டுக்காரரும் ஒரு வாய் வாங்கிக்கொண்டு, "நல்லாருக்குளா" என்றார்.

அன்றே குவைத்தில் இருக்கிற மகன் ஜஹாங்கீருக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத வராது. நான் சொல்லச் சொல்ல முகைதீன் எழுதினான். வாப்பாவுக்கு வலியெல்லாம் போய்விட்டது, லீவு போட்டு வரவேண்டாம், பெருநாளைக்கு வந்தால் போதும் என்று சொன்னேன். கட்டிலில் கிடந்தவர் முழித்துக்கொண்டுதான் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா கிடந்தார்.

அடுத்த வாரம் திலக் நகரிலிருந்து ஷ்யாமளா என்று ஒரு பிராமணப் பெண் எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். ஆஸ்பத்திரியில் விலாசம் வாங்கினாளாம். ஏணிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. தண்ணி கொடுத்து உட்காரவைத்தேன்.

"எங்காத்துக்காரருக்கும் இந்த மெஷினுக்கு எழுதிக் கொடுத்திருக்கோம். மொத்தமே ரெண்டுதான் இருக்காம். எப்படிப் போடறதுன்னு பாத்துட்டுப் போலாம்னு..." என்று இழுத்தாள். என் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வையை விலக்கிக் காட்டினேன்.

"இன்னும் பத்து நாள்ல எந்திச்சு பட்டறைக்குப் போயிருவாவ. சொகமானதும் ஒங்களுக்குத்தான் மொதல்ல" என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "டாக்டர் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?"

"இது குணமாக்கற மருந்தில்லையேம்மா. கடைசி வரைக்கும் வலி தெரியாம இருக்கறதுக்கு. எங்களை மொதநாளே உக்காத்தி வெச்சு சொல்லிட்டாளே." சொல்லிவிட்டு அவளே அழ ஆரம்பித்தாள். "ஐயோ, நான் இதுக்காக வரலை."

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உலகத்தில் என்னிடம் உண்மை சொன்ன ஒரே ஆள், என் புருஷன் எப்போது சாவான் என்று காத்திருந்தவள்தான்.

கீழே இறங்கிப்போய் முகைதீனைக் கேட்டேன். தோலை வெட்டிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கவில்லை. "அண்ணன்தான் ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ மைனி."

"நேர்ச்சைக்குக் கறி வாங்கியாந்தியே, அப்பமும் சத்தியமா? கடுதாசி எழுதும்போதும் சத்தியமா? ஒன் கை கூசலியா?"

அவனுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், எவளோ ஒரு பார்சிக்காரிக்குத் தெரியும். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு மட்டும் தெரியாது. என்னைச் சின்னப்பிள்ளைபோல் மிட்டாய் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள்.

மறுநாள் பத்து மணிக்குக் குழல் காலியானது. நான் நிரப்பவில்லை. அது பாவம் என்று தெரிந்தேதான் செய்தேன். எனக்குப் பதில் வேண்டும், தூங்குகிற மனுஷன் பதில் சொல்லமாட்டான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பன்னிரண்டு மணிக்குமேல் அவர் புரண்டார். கண்ணைத் திறந்து மெஷினைப் பார்த்தார். விளக்கு மினுக்கவில்லை.

"மருந்து மாத்தலியா நஜ்மு?"

"மாத்துதேன். மொதல்ல சொல்லுங்க மச்சான். எனக்கு ஏன் சொல்லல?"

அவர் புரிந்துகொண்டார். நெற்றியில் வேர்வை அரும்பியது. கீழே ஆட்களுக்குக் கேட்கக்கூடாதென்று தலையணை நுனியைக் கடித்தார்.

"சொன்னா நீ பயல வரச்சொல்லுவ. அவன் கண்ணு முன்னால நான் இப்பிடிக் கெடக்கணுமா? அவன் பாத்த வாப்பாவாவே இருந்துட்டுப் போறேன்னு நெனச்சேன்."

"ஒங்களுக்குப் பிள்ள. எனக்கு யாரு அவன்? 'வராத'ன்னு என் வாயால சொல்ல வச்சிட்டியள."

"தப்புத்தான்" என்றார். "தந்தி அடி. வரட்டும். இப்ப மருந்த ஏத்துளா, தாங்க முடியல."

ஏத்தினேன். அவசரத்தில் ஒரு குப்பி கீழே விழுந்து உடைந்தது. மெஷின் மறுபடி உறுமியபோது அவர் என் கையைப் பிடிக்க வந்தார். நான் கொடுக்கவில்லை. நான் கொடுத்த வலிக்கும் அவர் செய்ததற்கும் சரியாகப் போயிற்று என்று நினைத்தேன். ஒன்றும் சரியாகப் போகவில்லை.

தந்தி அன்றே போனது. குவைத்தில் முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுக்க நாலு நாள் இழுத்தடித்தானாம். மூன்றாம் நாள் மதியம் லுஹர் நேரத்தில் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. மய்யத்தைக் காக்கவைக்கக்கூடாதென்று சாயங்காலம் அஸர் தொழுது அன்றே அடக்கினார்கள். ரோஷன் மெஷினைத் துடைத்துத் திலக் நகருக்கு எடுத்துப் போனாள்.

ஜஹாங்கீர் ஏர்போர்ட்டிலிருந்து நேராக வாப்பாவை அடக்கிய கபரஸ்தானுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகத்தான் கேட்டான்.

"ஏம்மா வரவேண்டாம்னு எழுதுன?"

"எனக்குத் தெரியாதுப்பா. சொகமாயிருச்சின்னு நெனச்சேன்."

"தெனமும் நீதான மருந்து ஏத்துன? ஒனக்குத் தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது. ஒன் சாச்சாவக் கேளு."

அவன் முகைதீனைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். உம்மாவுக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னால் செத்துப்போன அண்ணன்மேல் பழி வரும், தன்மேலும் வரும். முகைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொம்பப் பாசமாக, எனக்காகப் பரிந்து பேசுகிறவன்போலச் சொன்னான்:

"உம்மாவ ஒண்ணும் சொல்லாதல. அவுக என்ன செஞ்சாலும் ஒன் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாவ."

என் பிள்ளை எழுந்துபோய் அவன் சாச்சா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.