மாசம் முன்னாடி, நாள் பின்னாடி

ஸ்ரீகாந்த் சார் என் கையில் கொடுத்த மூன்று ஃப்ளாப்பிகளிலும் பூஞ்சை பிடித்திருந்தது. ஓரத்துத் தகரத்தைத் தள்ளி உள்ளே பார்த்தேன். கறுப்பு வட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. "இதப் போட்டு டாஸ் ஏத்திக் குடு. ஒரு மணி நேர வேல" என்றார். டாஸ் என்றால் பழைய கம்ப்யூட்டர்களைக் கிளப்பும் அடிப்படை புரோகிராம். ஃப்ளாப்பி போடும் வாய்க்குள் டார்ச் அடித்தால் பல்லி முட்டையின் ஓடுதான் தெரிந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பின்பக்க ஷெட் அது. இரும்பைக் குடைந்து அச்சு செய்யும் மெஷின் ஒன்று பதினெட்டு மாதமாக நீலத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பக்கத்தில் அதை ஓட்டும் பழைய கம்ப்யூட்டர். புதிய கம்ப்யூட்டர் எதுவும் அந்த மெஷினோடு பேசாது. இப்போது ஏதோ ஆர்டர் வந்திருக்கிறது, இந்த மெஷினில்தான் ஆகும் என்று எங்கள் கடையைக் கூப்பிட்டார்கள். மேனாம்பேட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை அது. நடத்துபவர் வசந்தகுமாரி அக்கா. நான் அங்கே வேலை செய்கிறேன்.

அந்த மெஷினை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். ஆனால் ஆறு வயதிலிருந்து எனக்கு அதைத் தெரியும். என் அப்பா கன்னியப்பன் பதினான்கு வருடம் ஓட்டிய மெஷின்.

"எப்டி சார் போச்சு?" என்று அக்கா கேட்டார்.

"கன்னியப்பன்னு ஒரு ஆளு. ஹோம் எடுக்காமலே ஓட்டிக்கினு போய் மோதிட்டான். அந்த பயத்துல மெயின வேற ஆஃப் பண்ணிட்டான், உள்ள இருந்ததும் காலி. காலைலயே போட்டுக்கினு வந்திருப்பான்."

ஹோம் எடுப்பது என்றால், மெஷினின் தலையை முதலில் அதன் சொந்த மூலைக்குக் கொண்டுபோய் நிறுத்துவது. அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியும். அதைச் செய்யாமல் அப்பா ஸ்டார்ட் பட்டனைத் தொட மாட்டார். அப்பா குடிக்கவும் மாட்டார். அன்றைக்கு அண்ணனூரில் ரயில் நின்றுவிட்டதால் அவர் போய்ச் சேர்ந்ததே எட்டே முக்காலுக்கு. மெஷின் அதற்கு முன்பே மோதி நின்றிருந்தது. வருகைப் பதிவேடு சூப்பர்வைசரான ஸ்ரீகாந்த் சார் கையில், அப்பா வந்த நேரத்தை அவர் இஷ்டத்துக்கு எழுதலாம். அவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. 'என் தவறால் நடந்தது' என்று அவரே ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார். அதன்பிறகு எட்டு மாதம் அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றேன்.

இதில் ஒரு வார்த்தைகூட என் வாயிலிருந்து வரவில்லை. புது ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டரைக் கடைக்கு எடுத்துப்போக ஸ்ரீகாந்த் சார் விடவில்லை. அங்கேயே செய்தோம். ஃப்ளாப்பிகளில் இருந்திருக்க வேண்டியவை மூன்று ஃபைல்களாக என் லேப்டாப்பில் இருந்தன. லேப்டாப்புக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, பழைய கேமராக்களில் போடுகிற ஒரு மெமரி கார்டை அதற்கு ஹார்ட் டிஸ்க் என்று காட்டினேன். நீலத் திரை வந்தது. இரண்டாவது ஃப்ளாப்பியைப் போடு என்று கேட்டது.

அக்கா குனிந்து பார்த்தார். "ரெண்டாவது கேக்குதே தீபி, இன்னா போட்டே?"

"ஒண்ணும் போடலக்கா. போட்டேன்னு சொன்னேன்."

"அது நம்பிடுச்சா?"

"நம்பிடுச்சு."

"எங்க ஊட்டுக்காரர விட அப்பாவியா கீதே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போடாததைப் போட்டேன் என்று சொன்னால் இந்தக் கம்பெனியில் எல்லாமே நம்பும் என்று தோன்றியது.

கார்டைப் பழைய கம்ப்யூட்டரில் மாட்டியபோது, உள்ளே ஒன்றுமே இல்லை என்றது. லேப்டாப் அந்தக் கார்டை அளந்த விதம் வேறு, இந்தக் கிழட்டுப் பெட்டி அளக்கிற விதம் வேறு. அந்தப் பெட்டிக்கு ஏற்ற அளவுகளைக் கொடுத்து, கார்டைத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து ஏற்றினேன். மூன்றாவது தடவை கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு மினுக்கியது. அக்கா என் முதுகில் ஒரு அடி வைத்தார்.

இனி மெஷினை ஓட்டும் புரோகிராம் வேண்டும். அது பழைய ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தது. ஒயர் போட்டு லேப்டாப்பில் சொருகினேன். டிஸ்க் கரகரவென்று முனகியது. பாதி போயிருந்தாலும் புரோகிராம் இருந்த இடம் பிழைத்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு ஃபைல், மெஷின் தானாக எழுதிக்கொண்டு வந்த குறிப்பு. எப்போது ஆன் செய்தார்கள், ஹோம் எடுத்தார்களா, எங்கே நின்றது, எல்லாம் வரிசையாக.

அந்தக் கம்ப்யூட்டரின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. கரண்ட் நின்றால் தேதி மறந்துபோகும். மறுநாள் ஆன் செய்யும்போது, இன்று 1980 ஜனவரி ஒன்று, இரவு பன்னிரண்டு மணி என்று நினைத்துக்கொண்டு, சரியான தேதியைக் கேட்கும். எதுவும் அடிக்காமல் என்டர் தட்டினால் 1980 என்றே ஓடும். பேட்டரி மாற்றச் சொல்லி அப்பா கேட்டுக்கேட்டு ஓய்ந்துபோய், தினமும் கையால் அடிக்க ஆரம்பித்தார். காலையில் காலண்டர் தாளைக் கிழித்து என்னிடம் நீட்டுவார். "மாசம் முன்னாடி, நாள் பின்னாடி. எழுதிக் குடும்மா." அந்தப் பெட்டிக்கு அப்படித்தான் வேண்டுமாம். தாளின் பின்பக்கம் நான் எழுதித் தருவேன். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு ரயிலேறுவார். ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் எழுதிய தேதிகள் அவை.

அவையெல்லாம் அந்த ஃபைலில் இருந்தன. என் பிறந்தநாள் இருந்தது. நான் பத்தாம் வகுப்பு எழுதப் போன நாள் இருந்தது. அப்பா டெங்குவில் கிடந்த ஒன்பது நாள் மட்டும் வேறு யாரோ ஓட்டியிருக்கிறார்கள். அந்த ஒன்பது நாளும் 01-01-1980.

கடைசி வரிக்குப் போனேன். ஹோம் எடுக்கவில்லை, தலை எல்லையைத் தாண்டியது என்று இருந்தது. தேதி 01-01-1980. நேரம் 00:06. ஆன் செய்த ஆறாவது நிமிடம்.

பதினெட்டு மாதமாக இந்த வரி இங்கேயே இருந்திருக்கிறது. தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. என் அப்பா ஆவடியில் யாருடைய காருக்கோ கேட் திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் வரும்போது அக்கா பட்டன் பேட்டரி ஒன்று வாங்கிவந்து என்னிடம் கொடுத்தார். "இதயும் போட்டுடு."

"அப்புறம் போடறேன்க்கா" என்று கைக்குள் வைத்துக்கொண்டேன்.

முதலாளி வேலுசாமி சார் வந்தார். ஸ்ரீகாந்த் சார் கூடவே வந்தார். மெஷினுக்குப் போகும் ஒயரை நான் இன்னும் சொருகவில்லை. ஸ்டார்ட்டைத் தட்டினாலும் மெஷின் மோதாது. "நீங்களே ஆன் பண்ணிப் பாருங்க சார்" என்று ஸ்ரீகாந்த் சாரைப் பார்த்துச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

அவர் ஆன் செய்தார். தேதி கேட்டது. முதலாளியிடம் ஏதோ பேசிக்கொண்டே, திரையைப் பார்க்காமல், என்டர் தட்டினார். நேரம் கேட்டது. என்டர். புரோகிராம் திறந்தது. மேல் மூலையில் தேதியும் நேரமும் ஓடத் தொடங்கின.

"பரவால்லியே, பொண்ணு கெட்டிக்காரி" என்றார் முதலாளி.

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். "சார், நான் கன்னியப்பன் பொண்ணு."

விட்டுவிட்டு வந்தது என் குரல். "எங்கப்பா தேதி போடாம ஒரு நாளும் ஆன் பண்ணதில்ல. மேல இருந்து பாருங்க. கடைசி வரியையும் பாருங்க."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுப் படித்தார். விரலை வைத்து மெதுவாகப் படித்தார்.

"மாமா, அது குப்ப ஃபைலு" என்றார் ஸ்ரீகாந்த் சார். "எம்பதுல நம்ம கம்பெனியே கிடையாது."

"கம்பெனி இல்லதான். நீயும் பொறக்கல." முதலாளி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி மெஷினின் திரையைக் காட்டினார். "அப்போ இப்ப இது மட்டும் எப்டிடா வந்துச்சு?"

ஸ்ரீகாந்த் சாரின் வலது கை, ஹோம் பட்டனைத் தாண்டி, பச்சை ஸ்டார்ட் பட்டன் வரை ஏற்கனவே போயிருந்தது. அங்கேயே நின்றது. முதலாளி அந்தக் கையைப் பார்த்தார்.

என் உள்ளங்கையில் பேட்டரி சூடாகியிருந்தது. திரையின் மூலையில் 01-01-1980. பக்கத்தில் 00:04 என்று இருந்தது 00:05 ஆனது. நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.