கயாவும் பதினேழு பொன்னாடைகளும்

1

மானுடத்தின் மகத்தான கதைகள் அனைத்தும் ஆறாத ஒரு காயத்திலிருந்தே பிறக்கின்றன. இந்தக் கதை ஒரு நாய் காதைச் சொறிந்ததிலிருந்து பிறந்தது.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் எங்கள் 'ஈசூன் இலக்கியச் சோலை'யின் ஆண்டு மலருக்கு 'வேர்களும் சிறகுகளும்' என்ற பொருளில் ஒரு புலம்பெயர் கதை வேண்டும் என்று தலைவர் ஞானசேகரன் கேட்டார். சோலையில் உறுப்பினர்கள் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் நிர்வாகிகள். நான் துணைத்தலைவர். [நான்கு துணைத்தலைவர்களில் ஒருவர்.] உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்:

"தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பல் நங்கூரமிட்டபோது, கோவிந்தசாமியின் கண்களில் ஒரு கடல் திரண்டது. தன் வேர்களை அவர்..."

டக், டக், டக். மேசைக்கடியில் கயா பின்னங்காலால் காதைச் சொறிகிறாள். கால் தரையில் இடிக்கிறது.

இன்னொரு தொடக்கம்:

"வேர் என்பது மண்ணில் இருக்கிறதா, மனத்தில் இருக்கிறதா என்று கோவிந்தசாமி..."

டக், டக், டக்.

கோவிந்தசாமியைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டேன். தகரப் பெட்டியோடு இன்னும் அங்கேதான் நிற்கிறார்.

2

கயா எங்கள் நாய். ஷிட்சு இனம், ரொட்டியில் தடவும் தேங்காய்ப்பால் ஜாமான கயாவின் நிறம், அதனால் அந்தப் பெயர். திருச்சியில் ஒரு கல்யாணத்துக்காக நானும் என் மனைவி சங்கீதாவும் மூன்று வாரம் போயிருந்தபோது, அவளைப் பாசிர் ரிஸ்ஸில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் விட்டிருந்தோம். அந்த வீட்டில் அவளுக்குத் தோழமையாக இன்னொரு ஷிட்சு இருந்தது. அது ஆண் என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஊருக்குப் போய்வந்தவர்கள் நாங்கள். சாமான் கொண்டுவந்தது கயா. ரோமத்துக்குள் தெள்ளுப்பூச்சி. வயிற்றுக்குள், நாங்கள் திரும்பி ஒரு மாதம் கழித்து ஸ்கேனில் தெரிந்தபடி, நான்கு குட்டிகள். இன்னும் நான்கு வாரம் என்றார்கள்.

3

இங்கே கதாநாயகன் நுழைய வேண்டும். நான்தான்.

'தமிழர் வாழ்வில் பூச்சி விரட்டும் மரபு' என்று போன ஆண்டு சோலையில் நாற்பது நிமிடம் பேசியவன் நான்.* ஆகவே தயங்காமல் சிராங்கூன் சாலைக்குப் போய் வேப்பெண்ணெயும் கற்பூரமும் வாங்கிவந்து, கிண்ணத்தில் குழைத்து, கயாவை மடியில் தூக்கி வைத்தேன்.

"டாக்டர கேட்டுட்டு தடவுங்க" என்றாள் சங்கீதா.

"இதப் பத்தி நான் பேசியே இருக்கேன்."

"தெரியும். அன்னைக்கு உங்க பேச்சக் கேட்டு ஆளுங்கதான் ஓடினாங்க. பூச்சி ஓடுனதா யாரும் சொல்லல."

கால்நடை மருத்துவர் அஃப்ரீனுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. கிளினிக்குக்கு நான் எடுத்துப்போன கிண்ணத்தை முகர்ந்து பார்த்து, மூடி, எனக்கு எட்டாத அலமாரியில் வைத்தார்.

"அங்கிள், கற்பூரம் நாய்க்கு விஷம்லா. அவ நக்குவா. வயித்துல குட்டி வேற."

"இயற்கையான பொருள்தானேம்மா?"

"பாம்பு விஷமும் இயற்கைதான் அங்கிள்."

போன வருடம் மிச்சமிருந்த மருந்துக் குழாயை எடுத்துக் காட்டினேன். அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"கர்ப்பமா இருக்கறப்ப எல்லா மருந்தும் போட முடியாது. போடக்கூடியத நானே வெயிட் பாத்து தர்றேன். கழுத்துப் பட்டை, ஸ்ப்ரே, அந்த ஆயில், இந்த ஆயில், எதுவும் என்னைக் கேக்காம வேணாம். தினமும் நெருக்கமான சீப்பால சீவுங்க, சீப்ப சோப்புத் தண்ணில முக்குங்க. வீடு பூரா வேக்யூம் பண்ணுங்க. படுக்கை எல்லாத்தையும் சுடுதண்ணில துவைங்க, அறுபது டிகிரி. நாய் மேல இருக்கறது கொஞ்சம்தான். முட்டை, புழு எல்லாம் துணியில. புழு கூடு கட்டி அதுக்குள்ள மாசக்கணக்கா காத்திருக்கும், சூடு பட்டா குதிச்சு வரும்."

"நாலு வாரத்துக்குள்ள செய்யணுமா?"

"பொறந்த குட்டி உள்ளங்கை அளவுதான் இருக்கும். பூச்சி ரத்தம் குடிச்சா தாங்காது. செத்துப் போயிரும். அந்த வயசுல மருந்தும் போட முடியாது. அவ பெத்துக்கறதுக்குள்ள வீடு சுத்தமாகணும்."

* பேச்சுக்கான தகவல்களை ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்தேன். குழுவின் பெயர் 'உறவுகள்'.

4

வாசகரே, சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளரின் வீட்டில் நாய் எதன்மேல் படுக்கும் என்று நினைக்கிறீர்கள்?

பொன்னாடையின்மேல்தான். கூட்டத்துக்குப் போனால் ஒன்று. தலைமை தாங்கினால் ஒன்று. தலைமை தாங்க வேண்டியவர் வராவிட்டால் அவருக்கு வாங்கியது ஒன்று. எங்கள் வீட்டில் பதினேழு சேர்ந்திருந்தன. என் புத்தகங்கள் விற்ற பிரதிகளை இந்த எண்ணோடு ஒப்பிடக் கூடாது. கயா அவற்றின்மேல் படுத்துப் பழகியவள். வெறும் மெத்தை போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"எல்லாத்தையும் மெஷின்ல போடப் போறேன்" என்றாள் சங்கீதா.

"ஜரிகை போயிடும்."

"போகட்டும். குட்டி போகக் கூடாது."

பதினாறைப் போட்டாள். சாயம் இறங்கி எல்லாம் ஒரே நிறமாக வந்தன. பதினேழாவதை அதற்கு முன்பே உருவி, ஒரு காகிதப் பையில் போட்டு, புத்தக அலமாரியின் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன்.

[ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அரக்கு நிறம், அகலக் கரை என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். காரணம் வேறு. மற்றப் பதினாறையும் போர்த்தியவர்கள் கையில் சீட்டு வைத்து என் பெயரை வாசித்தார்கள். இதைப் போர்த்திய பெரியவர் மட்டும் சீட்டைப் பார்க்காமல் "இளமாறன்" என்று சொன்னார்.]

மருந்து போட்டோம். தினமும் சீவினோம். சீப்பில் வந்த கறுப்புத் துகள்களை ஈரத் தாளில் தட்டினால் சிவப்பாக ஊறும், கயாவின் ரத்தம்தான். இரண்டு வாரத்தில் துகள்கள் குறைந்தன. மூன்றாவது வாரம் அலமாரியில் ஒரு அகராதியைத் தேடப் போனேன். மறுநாள் என் கணுக்காலில் கடி. அடுத்த நாள் தாளில் சிவப்பு.

"அங்கிள், எல்லாத்தையும் துவைச்சீங்கதானே?" என்றார் அஃப்ரீன், தொலைபேசியில்.

"எல்லாத்தையும்மா."

பக்கத்தில் சங்கீதா கயாவின் வயிற்றில் கை வைத்துக் குட்டிகள் அசைவதை எண்ணிக்கொண்டிருந்தாள். "மூணு... இல்ல, நாலும் அசையுது" என்றாள். நான் அகராதியைப் புரட்டினேன். எந்தச் சொல்லைத் தேடினேன் என்பது மறந்துவிட்டது.

5

ஞானசேகரன் என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. இப்படி ஒருவர் இருப்பார் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "நான் பேச வரவில்லை, ஒரு சகாப்தமாக வந்திருக்கிறேன்" என்று அவர் உண்மையில் சொன்ன வாக்கியத்தை, கதையில் நம்பமுடியாது என்பதற்காக நீக்கிவிட்டேன். [நீக்கியதை இங்கே பார்க்கலாம்.]

அந்த ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில், ஒரு மண்டபத்தில், அவருக்கு மணிவிழா. பதினேழாவது பொன்னாடை இருந்த காகிதப் பையையும் எடுத்துப் போனேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வழியில் டிரை கிளீனிங் கடையில் கொடுத்து, சங்கீதாவுக்குத் தெரியாமல் பிரச்சினையை முடிப்பதாகத் திட்டம். கடை ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பையோடு மண்டபத்துக்குப் போனேன்.

"அடுத்து, விழா நாயகருக்குத் துணைத்தலைவர் பொன்னாடை போர்த்துவார்" என்று அறிவித்தாள் நெறியாளர் பவித்ரா. மேடையில் மாலை இருந்தது, பழத்தட்டு இருந்தது. பொன்னாடை இல்லை. மற்ற எட்டு நிர்வாகிகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு என் கையிலிருந்த பையைப் பார்த்தார்கள்.

"அண்ணே, சீக்கிரம்லா" என்று மைக்கை மூடிக்கொண்டு கிசுகிசுத்தாள் பவித்ரா. "லைவ் போய்க்கிட்டிருக்கு."

போர்த்தினேன். கைதட்டல். சூடான உடம்பு, பெரிய உடம்பு. 'வேர்கள்' என்று பேச்சைத் தொடங்கியவர் இடது தோளைச் சொறிந்தார். 'சிறகுகள்' வந்தபோது இரண்டு தோளையும்.

6

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பூச்சி இல்லை. சங்கீதா இன்னொரு முறை எல்லாவற்றையும் துவைத்தாள். அலமாரிக்குப் பின்னால் வேக்யூம் செய்தேன், நானாகவே. தாள் வெள்ளையாகவே இருந்தது. பத்தாம் நாள் காலை கயா நான்கு குட்டி போட்டாள். நான்கும் பால் குடிக்கின்றன. கண் இன்னும் திறக்கவில்லை.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இன்று சோலையில் ஒரு சிறு நிகழ்ச்சி. மலருக்குக் கதை எழுதவிருப்பவர்களுக்கு முன்கூட்டியே பாராட்டு.

"இந்தாங்க தம்பி, ஸ்பெஷலா எடுத்து வச்சேன்" என்றார் ஞானசேகரன். பொன்னாடையை விரித்தார். அரக்கு நிறம், அகலக் கரை. துவைத்த வாசனை இல்லை. சீட்டைப் பார்த்து என் பெயரை வாசித்தார்.

இப்போது எங்கள் புளோக்கின் கீழே, கல்மேசையில் உட்கார்ந்து கைப்பேசியில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலே ஒன்பதாவது மாடியில் நான்கு குட்டிகள் இருக்கின்றன. முடிவுகள் சில கைவசம் உள்ளன:

(அ) சங்கீதாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, அறுபது டிகிரியில் போடச் சொல்கிறேன். அவள் மன்னிக்கிறாள். [இது யதார்த்தக் கதை. வேண்டாம்.]

(ஆ) குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, "இந்த முறை பழத்தட்டுதான் கொடுத்தாங்க" என்கிறேன். [பழம் எங்கே என்று கேட்பாள்.]

(இ) தஞ்சோங் பகாருக்குப் போய், அங்கே காத்திருக்கும் கோவிந்தசாமிக்குப் போர்த்துகிறேன். அவருக்கும் யாரும் இதுவரை எதுவும் செய்யவில்லை.

(ஈ)

சங்கீதா கூப்பிட்டுவிட்டாள். "எங்க இருக்கீங்க? குட்டி ஒண்ணு லேசா கண்ணத் தொறக்குதுங்க, சீக்கிரம் மேல வாங்க."

எதை என்று நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் வருவதற்குள் முடிவு தெரிந்தால் நல்லது.

நான் அதை இன்னும் தோளிலிருந்து எடுக்கவில்லை.