கேட்காமல் திறந்த சாவி

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் சாவிக்காரி. உண்மையில் அவள் புரோகிராம் எழுதுகிறவள். ரத்தப் பரிசோதனை முடிவுகள் கம்ப்யூட்டர் கையெழுத்தோடுதான் மருத்துவமனைகளுக்குப் போகும். அந்தக் கையெழுத்தைப் போடும் ரகசியச் சாவி என்கிற ஃபைலைக் கடவுச்சொல் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சர்வர் படுத்து எழும் ஒவ்வொரு தடவையும் யாராவது கருப்புத் திரையில் அந்தக் கடவுச்சொல்லைத் தட்டினால்தான் வேலை ஓடும். அந்த யாராவது எப்போதும் இவள்தான். பாதுகாப்பாம். லீவு என்று வாயெடுத்தாலே மேலாளருக்கு முகம் தொங்கிவிடும்.

விடிந்தால் அக்காவுக்கு இதய ஆபரேஷன். கூட இருக்க வேறு ஆளில்லை. "உனக்கு வேலை இருக்கும், நான் பாத்துக்கறேன்" என்று அக்கா சொன்னதுதான் இவளைக் கிளப்பிவிட்டது. கடவுச்சொற்களைக் கம்ப்யூட்டரிலேயே பூட்டிவைக்கும் பாதுகாப்புப் பெட்டகத்திலிருந்து புரோகிராமே கடவுச்சொல்லை எடுத்துச் சாவியைத் திறக்கும்படி எழுதி ஓட்டினாள்.

'கடவுச்சொல் தவறு' என்றது.

கருப்புத் திரையில் கையால் தட்டினால் சமர்த்தாகத் திறந்தது. புரோகிராமிடம் விட்டால் முரண்டு பிடித்தது. மதியச் சாப்பாடு மேஜையிலேயே ஆறிப்போனது.

"நாளைக்கு நீ வந்துதான் ஆகணும் போலம்மா" என்றார் மேலாளர். அவள் மறுபடி திரைப்பக்கம் திரும்பினாள்.

கடைசியில், பெட்டகத்திலிருந்து வரும் கடவுச்சொல் எத்தனை எழுத்து நீளம் என்று பார்த்தாள். ஒன்று கூடுதல். அங்கே சேமித்தபோது பழக்கதோஷத்தில் முடிவில் எண்டர் தட்டியிருக்கிறாள். கருப்புத் திரை எண்டரைக் கணக்கில் சேர்க்காது. புரோகிராமோ கொடுத்ததை அப்படியே விழுங்கியிருக்கிறது. தலையில் தட்டிக்கொண்டு அதை நீக்கினாள்.

"சர்வரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார். நான் தொடமாட்டேன்."

அவர் செய்தார். யாரையும் எதுவும் கேட்காமல் முதல் முடிவு கையெழுத்தோடு கிளம்பிப் போனது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். மேலாளருக்கும் பாரம் இறங்கியிருந்தது. சர்வர் படுத்தால் இவளைத் தேடி அலைந்தவர் அவர்தானே.

மறுநாள் காலை மருத்துவமனையில் அக்கா கேட்டாள். "நடுவுல போன் வந்தா ஓடிடுவியே?"

"இனிமே நான் போகவேண்டியதில்லக்கா. இன்னிக்கும் நாளைக்கும் இங்கதான்."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப சொல்றேன். எனக்கு ரொம்பப் பயமா இருக்குடி."

அவள் ஸ்டூலைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சொல்லிவிட்டதிலேயே அக்காவின் முகம் லேசாகியிருந்தது.