வெயில் பக்கத்துக் குழி

கெப்ஹார்ட் ஆஸ்பத்திரி வராந்தாவில் அரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தான். உள்ளே போகக் கால் வரவில்லை. மடியில் விபத்து அறிக்கை. அதில் அவன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஊரின் பனிச்சரிவுக் குழுவில் மூன்று பேர். மலைப்பாதையைத் திறப்பதும் மூடுவதும் அவர்கள் கையில். பெரும்பனி பெய்தால் நிழல் பக்கச் சரிவில் ஏறிக் குழி தோண்டி, பனி அடுக்குகளைப் பார்த்து எழுத வேண்டியது கெப்ஹார்ட்டின் வேலை. அடியில் சீனி மாதிரி உதிரும் அடுக்கு இருந்தால் போச்சு, மேலே கிடப்பது அத்தனையும் வழுக்கிக்கொண்டு வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் ஏறவில்லை. முழங்கால் வலி என்பது சாக்கு. சோம்பல், வேறென்ன! ரோப் கார் நிலையத்துக்குப் பின்னால், வெயில் படும் இடத்தில், பத்தடி நடந்து தோண்டினான். பனி கெட்டியாக இருந்தது. தாளில் 'நிழல் பக்கம், நன்றாக இறுகியிருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தான். இருபது வருஷமாகத் தோண்டுகிறவன் ஆயிற்றே என்று மற்ற இரண்டு பேரும் நம்பினார்கள். எட்டு மணிக்குப் பாதை திறந்தது.

பத்து மணிக்கு நிழல் பக்கம் மொத்தமாக இறங்கி, பாதையில் பனி அள்ள வந்திருந்த கெப்ஹார்ட்டின் நண்பன் காசியானை வண்டியோடு மூடிவிட்டது. மண்வெட்டியோடு முதலில் ஓடியவன் கெப்ஹார்ட்தான். வெளியே இழுத்துப் போட்டவனும் அவன்தான். காசியான் பிழைத்தான், வலது கால் போயிற்று. ஊரே கெப்ஹார்ட்டை முதுகில் தட்டிக் கொடுத்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அவன் உள்ளுக்குள் செத்தான், பாவி.

இப்போது அறிக்கையோ, 'சரிவுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தியது ஓட்டுநரின் தவறு' என்கிறது. கெப்ஹார்ட் கையெழுத்துப் போட்டால் காசியானுக்கு வேலையும் போகும்.

ஒருவழியாக உள்ளே போனான்.

"வாடா, என் உசுரைத் தோண்டி எடுத்தவனே!" என்றான் காசியான். "மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? கால் போனது எனக்கா, உனக்கா?"

"அறிக்கை வந்திருக்கு."

"தெரியும். காபி குடிக்க அஞ்சு நிமிஷம் நிறுத்தினேன். என் தப்புதான். தினமும் வால்பர்காகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டிருக்கேன். பாவம்டா, என்னைக் கட்டிக்கிட்டதுக்கு அவ இன்னும் என்னவெல்லாம் படணுமோ."

கெப்ஹார்ட் அறிக்கையை மடித்துக் கட்டில்மேல் வைத்தான். "உன் தப்பு இல்லடா. அன்னைக்கு நான் மேல ஏறவே இல்ல. வெயில் பக்கம் தோண்டிட்டு, நிழல் பக்கம்னு எழுதிட்டேன்."

காசியான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எத்தனை நாளா இதை மனசுல வச்சிருந்த?"

"ஒன்பது நாளா."

"ஒன்பது நாளா நான் என் பொண்டாட்டி கால்ல விழாத குறை. நீ சும்மா இருந்திருக்க."

"சொல்லணும்னுதான்..."

"வாய மூடு."

கதவு திறந்தது. வால்பர்கா துவைத்த துணிப் பையோடு வந்தாள். கெப்ஹார்ட்டைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு, அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் இல்லேன்னா இவர் எனக்குக் கிடைச்சிருப்பாரா?"

"உக்காரு, வால்பர்கா," என்றான் காசியான். "இவன் உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். முதல்லேர்ந்து சொல்லுடா. ஒண்ணும் விடாம."

அவள் சிரித்த முகத்தோடு உட்கார்ந்தாள். கையை மட்டும் விடவில்லை. அந்தப் பிடியில் இருந்தபடியே கெப்ஹார்ட் செவ்வாய்க்கிழமைக் காலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.