எனக்குத்தான் வயிறு சரியில்ல

எச்.ஐ.வி.க்கு மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து பஸ் டிரைவருக்கு அடிக்கடி வயிறு கலக்கியது. நடுவழியில் மானம் போய்விடுமோ என்று பயந்து மூன்று நாளாக மாத்திரையைத் தொடவில்லை. விஷயம் தெரிந்த ஒரே ஆளான கண்டக்டர் பதறிப்போனார்.

"மாத்திரைய விடாதண்ணே. நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வர்றேன். இடையில வயித்தக் கலக்குனா கண்ணாடியில என்னைப் பாரு, போதும்."

டிரைவர் மாத்திரையை விழுங்கிவிட்டு வண்டியை எடுத்தார். ஒரு மணி நேரத்தில் கண்ணாடியில் பார்த்தார். கண்டக்டர் உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க, எனக்கு வயிறு சரியில்ல. அந்த பெட்ரோல் பங்க்ல ரெண்டு நிமிஷம் நிறுத்துண்ணே!"

பயணிகள் முணுமுணுத்தார்கள். துணைக்குப் போவதுபோல டிரைவரும் இறங்கினார்.

கழிவறை வாசலில் காவல் நின்ற கண்டக்டர், "மெதுவா வாண்ணே, திட்டெல்லாம் எனக்குத்தான்" என்றார். உள்ளே டிரைவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.