நிறைகுடம் வைத்த வாசல்

மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டபோது, என் மனைவி பூரணி ஒரு காப்பிக் கடையின் வாசலில் சின்ன மேசை போட்டு நிறைகுடம் வைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இப்போது இருக்கும் புறநகரான பொண்டியிலிருந்து ரயிலில் அந்தக் குடத்தை மடியில் வைத்துக் கொண்டுவந்தவன் நான். போன மார்கழி வரை அந்தக் காப்பிக் கடை எங்கள் புடைவைக் கடை. கட்டடக்காரர் வாடகையை ஏற்றிய ஏற்றில் எங்களைப்போலச் சிலர், பிரெஞ்சு நாட்டில் எங்கள் தமிழர் கடைத்தெருவான லாச்சப்பலை விட்டுக் கிளம்பினோம். பக்கத்தில் கலைமாறனின் சலூன் இருந்த இடத்தில் இப்போது நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள். தொழில் மாறவில்லை என்று கலைமாறன் சொல்லிச் சிரிப்பான்.

தேர் நாளன்று நிறைகுடம் வைத்த கடைவாசலில் தேர் நிற்கும். அந்த வருடம் வியாபாரம் செழிக்கவென்று ஐயர் கடைக்காரரின் பேரில் அர்ச்சனை செய்வார். அந்த வாசலில் இன்னும் ஒருமுறை எங்கள் பேர் கேட்கவேண்டும் என்பது பூரணியின் ஆசை. அதை நினைத்து அவள் இரண்டு மாதமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எனக்கோ, பிறத்தியார் வாசலில் போய் நிற்க வெட்கமாக இருந்தது.

புதுக் கடைக்காரன் ரோமன் பிரெஞ்சுக்காரன்; கேட்டவுடன் சம்மதித்தான். அதோடு விட்டானா? நாற்காலிகளைத் தானே உள்ளே தூக்கி வைத்தான், வாசலையும் கழுவினான். கெட்டவனாக இருந்திருந்தால் மனம் ஆறத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அதற்கும் வழியில்லை.

தேர் வந்து நின்றது. ஐயர் தட்டை வாங்கினார்.

"ஆரின்ர பேருக்கு?"

பூரணி, ஈரம் காயாத வாசல்படியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா, எங்கட பேரைச் சொல்லுமன்," என்றேன்.

"ரோமன்," என்றாள். "நட்சத்திரம் தெரியாது ஐயா."

"ரோமனோ?"

"ஓம். கடை அவரின்ர தானே."

இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தோம்? ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார்.

சமஸ்கிருதத்தின் நடுவே தன் பேர் கேட்டதும் கூட்டத்தின் பின்னால் நின்ற ரோமன் திடுக்கிட்டான். பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பேர் கூப்பிட்டதைப்போலக் கையை உயர்த்தினான். பூரணி அவனை முன்னால் அழைத்து, தேரின் முன் உடைக்க ஒரு தேங்காயை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பிறகு படியை விட்டு இறங்கி, வீதியில் நின்ற சனங்களோடு சனமாக நின்று கும்பிட்டாள்.